பேரரசர் ஜூலியன்: ஆணையால் உயிர்பெறாத ஆலயங்கள்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பல தெய்வங்களை வழிபட்டு வந்தனர். வானுக்கு ஜீயஸ், ஒளிக்கும் கலைகளுக்கும் அப்போலோ, அறிவுக்கு அதீனா, விளைச்சலுக்கு டிமீட்டர் என்று ஒவ்வோர் ஊரும் தன் ஆலயத்தையும் திருவிழாவையும் கொண்டிருந்தது. எகிப்தின் ஐசிஸ், ஆசியா மைனரின் தெய்வத்தாய் சிபெலி போன்ற அயல்நாட்டுத் தெய்வங்களையும் ரோமானியர் தங்கள் தலைநகருக்கு வரவேற்றனர். அப்படிப்பட்ட உலகம் ஒரே நூற்றாண்டில் மாறியது. கி.பி. 303-இல் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவ தேவாலயங்களை இடித்துவிடுமாறு ஆணையிட்டார். கி.பி. 392-இல் பேரரசர் தியோடோசியஸ், பழைய தெய்வங்களுக்கு ஒருவர் தம் வீட்டிற்குள் தூபம் காட்டுவதையும் குற்றமாக்கினார். இவ்விரு ஆணைகளுக்கும் இடைப்பட்ட காலம் 89 ஆண்டுகளே.

இந்த மாற்றத்தின் நடுவே நின்று, அதைத் தடுத்து நிறுத்த முயன்ற பேரரசர் ஒருவர் இருந்தார். அவரே ஜூலியன். திருச்சபை வரலாற்றாசிரியர்கள் அவரை மதத்தைக் கைவிட்டவர் என்ற அடைமொழியோடு குறிப்பிட்டனர். பழைய சமயத்தினரோ அவரைத் தம் கடைசி நம்பிக்கையாகப் போற்றினர். அவர் தனியாட்சி செய்தது இருபது மாதங்கள்கூட இல்லை. எனினும் ஒரு சமயம் எதனால் வாழ்கிறது, எதனால் தளர்கிறது என்ற கேள்விக்கு அவரது வாழ்க்கை தரும் விடையைச் சமய வாழ்வில் ஈடுபட்டோர் அனைவரும் சிந்திக்க வேண்டும்.

குருதியில் தொடங்கிய இளமை

ஜூலியன் கி.பி. 331-ஆம் ஆண்டின் இறுதியிலோ அதற்கடுத்த ஆண்டிலோ கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பிறந்தார். கிறிஸ்தவத்தை ஆதரித்த முதல் ரோமப் பேரரசரான கான்ஸ்டன்டைன் அவருக்குப் பெரியப்பா முறை. தாய் பாசிலினா, மகன் பிறந்த சில மாதங்களிலேயே காலமானார். 337-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன் மறைந்ததும், வாரிசுரிமைக்குப் போட்டி எழக்கூடாது என்று படைவீரர்கள் அரச குடும்பத்தின் ஆண்களைக் கொன்று குவித்தனர். ஜூலியனின் தந்தையும் அவர்களுள் ஒருவர். இளம் வயதினர் என்பதால் ஜூலியனும் அவருடைய மாற்றாந்தாய் அண்ணன் காலஸும் தப்பினர். அப்போது ஜூலியனுக்கு வயது ஆறுக்கும் குறைவு. அந்தக் கொலைகளுக்குக் காரணம் கான்ஸ்டன்டைனின் மகனும், தம் பெரியப்பா மகனுமான பேரரசர் கான்ஸ்டான்ஷியஸே என்று ஜூலியன் இறுதிவரை நம்பினார்.

தந்தையின் கொலைக்குக் காரணமென்று அவர் நம்பியவரும் கிறிஸ்தவர். தம்மை வளர்க்க அமர்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்கள். அன்பைப் போதிக்கும் மதத்தின் பெயரால் ஆண்டவர்களிடம் அன்பைக் காணாத சிறுவனின் மனம் எந்தத் திசையில் சென்றிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆறுதல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. அவருடைய தாய்க்குப் பாடம் சொன்ன முதியவரான மார்டோனியஸ், அச்சிறுவனுக்கு ஹோமரின் காவியங்களைக் கற்பித்தார். நடக்கும்போது பார்வையைத் தாழ்த்தி நடக்கவும், கேளிக்கைகளை ஒதுக்கவும், நூல்களில் இன்பம் காணவும் அவரே பழக்கினார்.

பின்னர் ஜூலியனும் காலஸும் கப்படோசியா நாட்டில் செசரியா நகருக்கு அருகிலுள்ள மாசெல்லம் என்ற அரச மாளிகையில் ஆறு ஆண்டுகள் ஏறத்தாழக் காவலில் வைக்கப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்ற ஜூலியன், தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் பணியையும் செய்தார். ஜார்ஜ் என்னும் மதகுருவின் நூல்கள் அங்கே அவருக்குப் படிக்கக் கிடைத்தன. அவற்றுள் கிறிஸ்தவ நூல்களோடு கிரேக்கத் தத்துவ நூல்களும் இருந்தன.

மறைவில் நிகழ்ந்த மாற்றம்

351-இல் காலஸ் துணைப் பேரரசர் ஆக்கப்பட்டதும் ஜூலியனுக்குப் பயணம் செய்து படிக்கும் உரிமை கிடைத்தது. பெர்கமம் நகரில் முதிய தத்துவஞானி ஏடீசியஸை நாடிச் சென்றார். அங்கே பயின்ற தத்துவம், மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புளோட்டினஸின் வழியில் வந்தது. பாரதத்தின் ஞானத்தை நேரில் அறியும் ஆவலில், பாரசீகம் நோக்கிச் சென்ற ரோமானியப் படையோடு புறப்பட்டு, அந்தப் படையெடுப்பு தோற்றதால் பாதியிலேயே திரும்ப நேர்ந்தவர் இந்தப் புளோட்டினஸ். சொல்லுக்கும் எண்ணத்துக்கும் அப்பாற்பட்ட ஏகப் பொருள் ஒன்றே உள்ளது. அனைத்தும் அதிலிருந்து வெளிப்படுகின்றன. உயிர் அதனிடமே திரும்ப வேண்டும் என்பது அவரது கொள்கை.

பழைய சமயத்தைப் பலதெய்வ வழிபாடு என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதன் அறிஞர்கள் பல தெய்வங்களையும் ஒரே மூலத்தின் கதிர்களாகக் கண்டனர். ஜூலியனும் பிற்காலத்தில் சூரியதேவனைப் போற்றி எழுதிய உரைநடைத் துதியில் இக்கருத்தையே விரித்துரைத்தார். ஆகவே அந்நாளைய போராட்டம் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே நடந்தது மட்டுமன்று. ஒன்றே பலவாய்த் தோன்றுகிறது என்போருக்கும், ஒன்றைத் தவிர மற்றவை பொய் என்போருக்கும் இடையிலும் அது நடந்தது.

ஏடீசியஸின் மாணவர் ஒருவர், மந்திரச் சடங்குகளால் அற்புதங்கள் காட்டும் எபேசு நகரத்து மாக்ஸிமஸைப் பற்றி ஜூலியனை எச்சரித்தார். ஜூலியனோ, தாம் தேடியவர் அவரே என்று மாக்ஸிமஸிடம் சென்று தீட்சை பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபது. வெளியே கிறிஸ்தவராகவும் உள்ளே பழைய தெய்வங்களின் பக்தராகவும் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். உண்மை வெளிப்பட்டால் உயிர் போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 354-இல் காலஸைக் கான்ஸ்டான்ஷியஸ் கொல்வித்திருந்தார்.

மிலான் நகருக்கு அழைக்கப்பட்ட ஜூலியனுக்காகப் பேரரசி யூசிபியா பரிந்து பேசினார். அதன் பயனாக 355-இல் ஏதென்ஸில் சில மாதங்கள் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே கப்படோசியாவைச் சேர்ந்த இரு கிறிஸ்தவ இளைஞர்களும் பயின்று கொண்டிருந்தனர். பின்னாளில் திருச்சபையின் பெருந்தூண்களாக விளங்கிய பாசிலும் கிரகோரியுமே அவர்கள். ஒரே நகரில் ஒரே கிரேக்க நூல்களைக் கற்றவர்களின் பாதைகள் எவ்வாறு பிரிந்தன என்பதைப் பின்னர் காண்போம்.

அரியணையில் ஒரு தவசி

அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ஜூலியன் துணைப் பேரரசராக அறிவிக்கப்பட்டு, இன்றைய பிரான்ஸ் ஆகிய காலியாவுக்கு அனுப்பப்பட்டார். போர்ப்பயிற்சி அறியாத அந்த மாணவர், 357-இல் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே 13,000 வீரர்களைக் கொண்டு பன்மடங்கு பெரிய அலமானியர் படையை முறியடித்தார். தலைக்கு 25 பொற்காசுகளாக இருந்த வரியை 7 ஆகக் குறைத்துவிட்டுக் காலியாவை விட்டுச் சென்றார் என்று, அவரது படையில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார். சாதாரண வீரர்களின் உணவையே ஜூலியன் உண்டார். இரவை மூன்றாகப் பகுத்து, ஒரு பகுதியை உறக்கத்துக்கும், ஒன்றை அரசுப் பணிக்கும், மற்றொன்றை நூலாய்வுக்கும் அளித்தார். மனைவி ஹெலினா மறைந்தபின் மறுமணத்தை நாடவில்லை, பிரம்மசரியத்தையே கைக்கொண்டார்.

360-இல் பாரிஸ் நகரில் வீரர்கள் அவரைக் கேடயத்தின்மீது தூக்கி நிறுத்திப் பேரரசராக முழங்கினர். உள்நாட்டுப் போர் மூளவிருந்த வேளையில், 361 நவம்பரில் கான்ஸ்டான்ஷியஸ் நோயால் இறந்தார். டிசம்பர் 11-ஆம் நாள் ஜூலியன் தாம் பிறந்த நகரில் முழுப் பேரரசராக நுழைந்தார். கீழ்த்திசை நாடுகளிலிருந்து தூதர்கள் பரிசுகளோடு வந்தனர். பாரதத்திலிருந்தும், இலங்கை என்று அறிஞர் கருதும் செரந்திவியிலிருந்தும் தூதர்கள் வந்ததாக அம்மியானஸ் குறிப்பிடுகிறார்.

முடிதிருத்துபவர் ஒருவரை வரவழைத்தபோது, உயர் அதிகாரி போல ஆடம்பரமாக உடுத்திய ஒருவர் வந்து நின்றாராம். அவருடைய ஊதியத்தை விசாரித்து வியந்த ஜூலியன், அரண்மனையில் குவிந்திருந்த முடிதிருத்துவோர், சமையற்காரர், ஏவலர் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார். பூட்டிக் கிடந்த ஆலயங்களைத் திறக்கவும் பலிகளை மீண்டும் தொடங்கவும் ஆணையிட்டார். அதே வேளையில், கான்ஸ்டான்ஷியஸால் நாடு கடத்தப்பட்டிருந்த கிறிஸ்தவ ஆயர்கள் திரும்பிவரவும் அனுமதித்தார். வற்புறுத்தலால் எவரையும் மாற்ற முடியாது என்பது அவர் வெளிப்படையாக அறிவித்த கொள்கை.

அறச்சாலைகளுக்கான ஆணை

ஜூலியன் கண்டது பலரும் காணாத ஓர் உண்மை. கிறிஸ்தவம் வளர்ந்தது அரசரின் ஆதரவால் மட்டுமன்று என்பதை அவர் உணர்ந்தார். அரசு அதைத் துன்புறுத்திய காலத்திலேயே, கி.பி. 251-ஐ ஒட்டி, ரோம் நகரத் திருச்சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவையரையும் வறியவரையும் பராமரித்து வந்தது. இறந்தோரை அடக்கம் செய்வதும், வழிப்போக்கருக்கு இடமளிப்பதும், நோயாளியைக் கைவிடாதிருப்பதும் அவர்களுடைய அன்றாட வாழ்வின் பகுதியாயின.

பழைய சமயத்தில் கொடை இல்லாமலில்லை. செல்வர்கள் நீராடுமிடங்களையும் அரங்குகளையும் கட்டினர். திருவிழாக்களில் பலியுணவைப் பகிர்ந்தனர். ஆனால் அது ஊருக்கும் புகழுக்குமான கொடையாக இருந்தது. வறியவரை ஆண்டு முழுவதும் தேடிச் செல்லும் அமைப்பு ஆலயங்களிடம் இல்லை. புரோகிதப் பதவி பெரும்பாலும் குடும்பப் பெருமைக்கான கௌரவமாக இருந்தது. ஒழுக்கத்தைப் போதிப்பது தத்துவஞானியின் வேலை. சடங்கை நடத்துவது புரோகிதரின் வேலை. இரண்டையும் இணைக்கும் பாலம் பொதுமக்களுக்குக் கிட்டவில்லை.

இக்குறையை நீக்க ஜூலியன் முனைந்தார். புரோகிதர்கள் தூய வாழ்வு வாழவேண்டும், மதுக்கடைக்கும் நாடக அரங்குக்கும் செல்லலாகாது, தத்துவம் கற்கவேண்டும், பகைவருக்கும் சிறையில் கிடப்போருக்கும்கூட இரங்கவேண்டும் என்று அவர் எழுதினார். கலாத்தியா நாட்டின் தலைமைப் புரோகிதருக்கு அவர் பெயரில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று, நகர்தோறும் சத்திரங்கள் அமைக்கச் சொல்கிறது. அதற்காக ஆண்டுக்கு 30,000 மோடியஸ் கோதுமையையும் 60,000 அளவு திராட்சை மதுவையும் அரசுக் களஞ்சியத்திலிருந்து ஒதுக்குகிறது. ஒரு மோடியஸ் என்பது ஏறத்தாழ 9 லிட்டர் கொள்ளளவு. இதில் ஐந்தில் ஒரு பங்கு புரோகிதர்களுக்கு ஊழியம் செய்யும் ஏழைகளுக்கும், எஞ்சியது வழிப்போக்கருக்கும் இரவலருக்கும் உரியது. யூதருள் பிச்சையெடுப்போர் இல்லை என்பதையும், கிறிஸ்தவர்கள் தம் ஏழைகளோடு பிற சமயத்து ஏழைகளையும் காப்பதையும் அக்கடிதம் வெட்கத்தோடு சுட்டிக்காட்டுகிறது.

நோயை அவர் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் மருந்து களஞ்சியத்திலிருந்து வந்தது. கிறிஸ்தவர்கள் மூன்று நூற்றாண்டுகளாகத் தம் கைப்பொருளைச் சேர்த்து வளர்த்த பழக்கத்தை, அரசாணையால் ஓராண்டில் உண்டாக்கிவிடலாம் என்று அவர் எண்ணினார்.

கொள்கையிலிருந்து ஒரு சறுக்கல்

362 ஜூன் 17-ஆம் நாள் ஆசிரியர்களைப் பற்றி ஜூலியன் ஒரு சட்டம் இயற்றினார். ஆசிரியராகிறவர் முதலில் ஒழுக்கத்தில் சிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். ஹோமரின் தெய்வங்களை நம்பாதவர் ஹோமரைக் கற்பிப்பது நேர்மையன்று என்று பேரரசர் அதற்கு விளக்கம் தந்தார். இதனால் கிறிஸ்தவ ஆசிரியர்கள் இலக்கியம் கற்பிக்க முடியாமற்போயிற்று. ஏதென்ஸின் புகழ்பெற்ற ஆசிரியர் புரோயரேசியஸுக்கு மட்டும் விலக்கு அளிக்க முன்வந்தார். அவரோ அதை ஏற்காமல் பதவியைத் துறந்தார். ஜூலியனைப் போற்றியவரும் பழைய சமயத்தவருமான அம்மியானஸே இச்சட்டத்தைக் கொடியதென்று கண்டித்தார்.

வேறு தவறுகளும் நேர்ந்தன. சிறுவயதில் அவருக்கு நூல்கள் தந்த ஜார்ஜ், அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்தபோது கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். அந்நகரத்தாரை ஒரு கடிதத்தால் கடிந்துகொண்டதோடு ஜூலியன் நின்றுவிட்டார். ஜார்ஜின் நூல்களைத் தமக்குத் திரட்டித் தருமாறு மட்டும் அக்கறையோடு எழுதினார். தாம் சிறைப்பட்டிருந்த செசரியாவில் கிறிஸ்தவர்கள் பாக்கியதேவதையின் ஆலயத்தை இடித்தபோது, அந்நகரத்தின் தகுதியையே பறித்தார். வற்புறுத்தலை வெறுத்தவரின் ஆட்சியில் வற்புறுத்தல் சிறிது சிறிதாகக் குடிபுகுந்தது.

தாஃப்னியில் ஒரு வாத்து

362 கோடையில் ஜூலியன் அந்தியோக்கியா நகருக்கு வந்தார். அருகிலுள்ள தாஃப்னி சோலையில் அப்போலோவின் பழம்பெரும் ஆலயம் இருந்தது. ஆண்டுத் திருவிழா நாளன்று அவர் ஆவலோடு அங்கே விரைந்தார். வரிசையாகப் பலிக்குரிய விலங்குகளும், தூபமும், வெண்ணிற ஆடையணிந்த இளைஞர்களும் காத்திருப்பர் என்று வழியெல்லாம் கற்பனை செய்தார். ஆலயத்துள் நுழைந்தபோது தூபமும் இல்லை, ஒரு பணியாரமும் இல்லை. நகரம் என்ன காணிக்கை கொண்டுவந்துள்ளது என்று புரோகிதரிடம் வினவினார். நகரம் எதையும் அனுப்பவில்லை என்றும், தாமே தம் வீட்டிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டுவந்திருப்பதாகவும் புரோகிதர் கூறினார். இதை எழுதி வைத்தவர் ஜூலியனேதான்.

அந்நகரமே கிறிஸ்தவ நகரம் ஆகியிருந்தது. ஆனால் கிறிஸ்தவராகாத மக்களும் பழைய தெய்வங்களின் திருவிழாவை ஆடல் பாடலுக்காகவே விரும்பினர். ஜூலியனோ எண்ணற்ற காளைகளைப் பலியிட்டார். வீரர்கள் வயிறு புடைக்க உண்டு குடித்து, பிறர் தோளில் சுமந்து செல்லும் நிலையில் கிடந்தனர். அவர் போரிலிருந்து திரும்பியிருந்தால் நாட்டில் மாட்டுக்கே பஞ்சம் வந்திருக்கும் என்று பலர் எண்ணியதை அம்மியானஸ் பதிவு செய்கிறார். அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் தாஃப்னி ஆலயம் தீக்கிரையாயிற்று. ஜூலியன் கிறிஸ்தவர்கள்மீது ஐயுற்று அந்நகரின் பெரிய தேவாலயத்தை மூடுவித்தார். தெய்வச்சிலையின் காலடியில் பக்தர் ஒருவர் ஏற்றி வைத்த மெழுகுவத்தியே காரணம் என்றும் பேச்சு இருந்தது. நகர மக்கள் அவரது தாடியைக் கேலி செய்து பாடினர். அவர் தண்டிக்கவில்லை, தம்மையே எள்ளி நகையாடுவதுபோல் ஓர் அங்கத நூல் எழுதி, நகரின் நடுவே பலரும் படிக்க வைத்தார்.

இறுதிப் பயணம்

363 மார்ச் 5-ஆம் நாள் பெரும்படையோடு பாரசீகத்தை நோக்கிப் புறப்பட்டார். தலைநகர் டெசிபோன் வரை சென்றும் அதைப் பிடிக்க இயலவில்லை. தம் கப்பல்களைத் தாமே எரித்துவிட்டு, கோடை வெயிலில் உணவின்றிப் பின்வாங்கும் நிலை வந்தது. ஜூன் 26-ஆம் நாள் திடீர்த் தாக்குதலின்போது மார்புக் கவசம் அணியாமல் விரைந்த அவரது உடலில் ஓர் ஈட்டி பாய்ந்தது. எறிந்தவர் யாரென்று தெரியவில்லை. அன்றிரவு கூடாரத்தில், மாக்ஸிமஸோடும் பிரிஸ்கஸோடும் ஆன்மாவின் பெருமையைப் பற்றி உரையாடியபடியே அவர் உயிர் நீத்தார். வயது ஏறத்தாழ முப்பத்தொன்று. தோல்வியை ஒப்புக்கொண்டு கதறி இறந்தார் என்ற கதை பிற்காலத்தது; அப்படையில் உடன்சென்ற அம்மியானஸ் அப்படி எதையும் எழுதவில்லை.

வீரர்கள் அடுத்துத் தேர்ந்தெடுத்த ஜோவியன் ஒரு கிறிஸ்தவர். ஜூலியனின் சத்திரத் திட்டமும், தூய புரோகிதர் அமைப்பும் அவரோடு முடிந்தன. அவற்றைத் தம்முடையவை என்று ஏற்று நடத்த எவரும் முன்வரவில்லை.

இரு மாணவர்கள்

ஏதென்ஸில் பயின்ற பாசிலின் கதை வேறுவிதமாகச் சென்றது. ஜூலியன் இறந்து ஐந்தாறு ஆண்டுகளில் கப்படோசியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பாசில் களஞ்சியங்களைப் பூட்டி வைத்த செல்வரிடம் மன்றாடித் தானியம் பெற்று, பசித்தோருக்குத் தாமே முன்னின்று உணவளித்தார். 370-இல் செசரியாவின் ஆயரானபின், நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் தொழுநோயாளருக்கும் புகலிடங்களை எழுப்பினார். ஜூலியன் சிறுவனாய்க் காவலில் இருந்ததும், பேரரசராய்த் தண்டித்ததும் இதே செசரியாவே. கலாத்தியாவுக்காக எழுதப்பட்ட ஆணை ஏட்டில் நின்றது; அதன் அண்டை நாட்டில் அதே பணி மனித உருவில் நடந்தது.

ஆயினும் வென்றவர்களும் ஜூலியனின் தவற்றைப் பன்மடங்காகச் செய்தனர். 380-இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவையே அனைவருக்கும் உரிய நெறியாக அறிவித்தார். 384-இல் ரோம் நகரப் பிரமுகர் சிம்மாக்கஸ், அகற்றப்பட்ட வெற்றித்தேவதையின் பீடத்தைத் திரும்ப வைக்குமாறு வேண்டினார். பேருண்மையை அடையப் பல வழிகள் உண்டு என்பதே அவரது வாதம். அரசவை செவிசாய்க்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பலிகள் தடைசெய்யப்பட்டன. அலெக்சாந்திரியாவின் செராபிஸ் பேராலயம் தகர்க்கப்பட்டது. 529-இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவம் கற்பிப்பதையும் நிறுத்தினார். ஊர்ப்புறங்களில் பழைய வழிபாடு மெல்ல மெல்லவே மறைந்தது.

பழைய சமயம் சட்டத்தின் கரங்களாலும் கும்பலின் கரங்களாலும் வீழ்த்தப்பட்டது என்பது உண்மை. அந்தக் கரங்கள் ஓங்குமுன்பே பல ஆலயங்கள் தூபமின்றி இருந்தன என்பதும் உண்மை. தத்துவத்தின் உயரம் அவற்றைக் காக்கவில்லை; அரசரின் பக்தியும் காக்கவில்லை. தாஃப்னியில் பேரரசர் ஏமாற்றத்தோடு நின்றபோது, தம் வீட்டிலிருந்து தம்மிடமிருந்த ஒன்றைக் கொண்டுவந்த அந்தப் பெயர் தெரியாத புரோகிதர்மீது அவர் கவனம் செல்லவில்லை, நகரத்தார்மீதே சினந்தார். தம் சமயத்துக்கு அரசரிடம் எதையும் எதிர்பாராமல் தம் கையிலிருந்ததைக் கொடுத்தவர் அன்று அங்கே அவர் ஒருவரே. அவரைப் போன்றோர் வீட்டுக்கு ஒருவராக இருந்திருந்தால், அந்த ஆலயத்துக்குப் பேரரசரின் ஆணை தேவைப்பட்டிருக்காது.